உடைப்பதற்காகக் கட்டிய சுவர்

நான் 32 ஆண்டுகள் கட்டடப் பணியில் இருந்தவன். கான்கிரீட் போடும் நாளெல்லாம் கலவையில் கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் இரும்பு அச்சில் இட்டுக் கியூப் செய்வோம். அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, 7-ஆம் நாள் மூன்றையும் 28-ஆம் நாள் மூன்றையும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எந்தச் சுமையில் நொறுங்கியது என்பதை ஏட்டில் குறித்த பிறகு அந்தத் துண்டுகள் தளத்தின் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், "இவ்வளவு அழகாச் செஞ்சு ஏன் சார் உடைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். இதை உடைத்துப் பார்த்தால்தான் அந்தத் தூண் நிற்குமா என்பது தெரியும் என்று நான் சொல்வேன். சென்ற ஆண்டு இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, உடைப்பதற்கென்றே கட்டிய 100 மீட்டர் நீளச் சுவர் ஒன்றைப் பார்த்தேன். பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து பல மாதங்கள் ஆகியும் அந்தச் சுவர் மனத்தை விட்டு அகலவில்லை.

சர்ரே மாவட்டத்தில் எல்ஸ்டெட் என்னும் ஊருக்கு அருகே ஹாங்க்லி காமன் என்றொரு பரந்த வெளி இருக்கிறது. முழங்கால் உயரப் புதர்களும், இடையிடையே பைன் மரங்களும், கால் வைத்தால் புதையும் மணலுமாக அது கிடந்தது. நம் குதிரைமொழித் தேரியின் சிவப்பு அங்கே இல்லை, மணல் வெளிறியிருந்தது. ஆனாலும் நடந்தபோது காலுக்குக் கிடைத்த உணர்வு தேரியில் நடப்பதைப் போலவே இருந்தது. கடற்கரை அங்கிருந்து வெகு தூரம். அலையோசை கேட்காத அந்த மேட்டு நிலத்தில், கடலைப் பார்த்து நிற்க வேண்டிய ஒரு சுவர் நின்றுகொண்டிருந்தது. உயரம் 3 மீட்டர், கனம் 3.5 மீட்டர். உயரத்தைவிடக் கனம் கூடுதலாக உள்ள ஒரு சுவரை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கட்டியதில்லை; கட்டச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

சுவரின் நடுவே வெடித்துத் திறந்த பெரிய பிளவுகள் இருந்தன. ஒரு பிளவுக்குள் நின்று கையால் தடவிப் பார்த்தேன். ஜல்லிக் கற்கள் பல் தெரிவதுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சில கற்கள் கலவையிலிருந்து கழன்று விழாமல் நடுவிலேயே இரண்டாகப் பிளந்திருந்தன. கல் கழன்று வந்தால் கலவை கல்லைச் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். கல்லே பிளந்தால் கலவை நன்றாகப் பற்றியிருக்கிறது என்று பொருள். உடைக்கப் போகும் சுவர்தானே என்று சிமெண்டைக் குறைக்காமல், கண்ணும் கருத்துமாகக் கட்டியிருக்கிறார்கள். விரல் தடிமனுள்ள கம்பிகள் ஒரே பக்கமாக வளைந்து, துருவேறி, இழுத்துப் பறித்த வேர்களைப் போல் தொங்கின. அவை வளைந்திருந்த திசையைக் கொண்டே வெடி எந்தப் பக்கம் வைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். சுவரை ஒட்டி, டாங்கிகளைத் தடுக்கும் பல் வடிவக் கட்டைகளும் பெரிய கான்கிரீட் பாளங்களும் புதருக்குள் கிடந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், இந்தச் சுவரைக் கட்டியவர்கள் கனடாப் படையினர். ஐரோப்பாவின் மேற்குக் கரையில் ஜெர்மானியர் எழுப்பிக்கொண்டிருந்த அட்லாண்டிக் சுவரின் ஒரு பகுதியைப் பார்த்து, அதே கனத்தில், அதே உறுதியில் இதை எழுப்பினார்கள். எதிரியின் சுவரை எப்படி உடைப்பது என்று தங்கள் சுவரை உடைத்துக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம். அதைக் கனடியர்கள் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் தியெப்.

1942 ஆகஸ்ட் 19 அன்று, பிரான்சின் வடகரையிலுள்ள தியெப் துறைமுகத்தின் மீது நேச நாட்டுப் படை தாக்குதல் நடத்தியது. சென்றவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் கனடியர்கள். அந்தத் தாக்குதலில் அவர்களில் 900-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1,946 பேர் சிறைப்பட்டனர். அந்தக் கடற்கரை மணலால் ஆனது அன்று. உள்ளங்கையளவு கூழாங்கற்கள் குவிந்த கரை. டாங்கிகளின் சங்கிலிப் பட்டைக்குள் அந்தக் கற்கள் சிக்கிப் பட்டையையே அறுத்தன. உவரிப் பக்கம் படகை மேலே இழுக்கும் டிராக்டர், ஈரமில்லாத மணலில் சக்கரம் சுழன்று இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, கரையின் தன்மை தெரியாமல் கனமான வண்டியை இறக்குவது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். கடற்சுவரைத் தாண்டி மேலேறிய டாங்கிகளாலும் ஊருக்குள் நுழைய முடியவில்லை. தெருமுனைகளைக் கான்கிரீட் தடுப்புகள் அடைத்திருந்தன. அந்தத் தடுப்புகளை வெடி வைத்துத் திறக்க வேண்டிய பொறியியல் வீரர்கள், வெடிமருந்தை முதுகில் சுமந்துகொண்டு திறந்த வெளியில் ஓட வேண்டியிருந்தது. பெரும்பாலோர் தடுப்பை அடையவேயில்லை. வெடிமருந்தும் இருந்தது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் இருந்தான்; இரண்டையும் சுவர்வரை உயிரோடு கொண்டு சேர்க்கும் வழிதான் இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் டெனோவன் என்னும் கனடியப் பொறியியல் அதிகாரி. சர்ச்சில் டாங்கியின் உட்புறத்தை மாற்றி, பொறியியல் வீரர்களும் வெடிமருந்தும் அதற்குள்ளேயே அமர்ந்து சுவரின் அருகே செல்லும்படி செய்யலாம் என்பது அவர் முன்வைத்த யோசனை. அதிலிருந்து பிறந்த வண்டியில் வழக்கமான பீரங்கிக்குப் பதிலாக, 290 மில்லிமீட்டர் வாயுள்ள பெட்டார்ட் என்னும் குட்டைக் குழாய் பொருத்தப்பட்டது. ஏறத்தாழ 18 கிலோ எடையுள்ள அதன் குண்டை வீரர்கள் 'பறக்கும் குப்பைத்தொட்டி' என்று அழைத்தார்கள். அது வெகு தூரம் போகாது. சுமார் 80 கெஜ தூரத்தில்தான் குறி தப்பாது. மறு குண்டைப் போட, ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மேல்மூடியைத் திறந்து கையை வெளியே நீட்ட வேண்டும். குறைபாடுகள் நிறைந்த கருவிதான். ஆனால் கான்கிரீட்டை உடைக்க வேகமாக ஊடுருவும் சிறு குண்டைவிட, மேலே பட்டு மொத்தமாக அதிரவைக்கும் பெருவெடியே ஏற்றது என்பதை அறிந்து செய்யப்பட்ட கருவி அது.

அந்த வண்டிகளும் அவற்றின் உறவுகளும் 79-ஆம் கவசப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டன. அதன் தலைவர் பெர்சி ஹோபார்ட். 1940-இல் ஓய்வில் அனுப்பப்பட்டு, தம் ஊர்க் காவல்படையில் சாதாரணப் பொறுப்பில் இருந்தவரைத் திரும்ப அழைத்து, பின்னர் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். கண்ணிவெடிகளைச் சங்கிலியால் அடித்து வெடிக்கச் செய்யும் டாங்கி, பள்ளத்தில் பெரிய விறகுக்கட்டு ஒன்றைப் போட்டு நிரப்பும் டாங்கி, 30 அடிப் பாலத்தை முன்னால் தூக்கிச் சென்று சுவர்மேல் சாய்க்கும் டாங்கி எனப் பலவகை வண்டிகள் அவரிடம் இருந்தன. ஹாங்க்லி சுவரின் பிளவுகளுக்கு இவற்றோடு தொடர்புடைய ஒரு கருவியே காரணம். இரும்புச் சட்டம் ஒன்றில் வெடிப்பொதிகளை அடுக்கிக் கட்டி, டாங்கியின் முன்புறம் ஏந்திச் சென்று சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு, பின்னால் நகர்ந்து வந்து கம்பி வழியாக வெடிக்கச் செய்வார்கள். 'இரட்டை வெங்காயம்' என்பது அதன் பெயர். தியெப்பில் மனிதன் முதுகில் சுமந்து ஓடியதை இங்கே இரும்பு சுமந்தது.

முள்கம்பி வேலியைத் திறக்கும் பங்களூர் டார்பிடோ என்னும் வெடிக்குழாய் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. 1912-இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்னும் அதிகாரி பெங்களூரில் அதை உருவாக்கினார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, வேலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போகலாம். ஆள் வேலியருகே எழுந்து நிற்க வேண்டியதில்லை. அந்தப் படையின் வீரர்களுக்கு இன்றும் 'தம்பி' என்பதே செல்லப்பெயர். நெல்லைச் சீமையிலிருந்து அதில் சேர்ந்தவர்கள் பலர். 'தம்பி'களின் படையில் பிறந்த அந்தக் குழாய், 1944 ஜூனில் நேச நாட்டுப் படை இறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரையின் முள்வேலிகளையும் திறந்தது என்பதை நினைக்கும்போது, எங்கோ நடந்த அயலார் போர் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

பகைவரின் சுவரை நகலெடுக்க முடிந்ததற்கு அந்தச் சுவரின் இயல்பே ஒரு காரணம் என்று கருதுகிறேன். 1942 மார்ச் 23 அன்று ஹிட்லர் பிறப்பித்த 40-ஆம் ஆணைக்குப் பிறகு, நார்வே முதல் ஸ்பெயின் எல்லைவரை கடற்கரைக் காப்பரண்களை எழுப்பும் வேலை ஜெர்மானியரின் டோட் என்னும் கட்டுமான அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட உழைப்பாளிகள் உட்படப் பல நாட்டு மக்களின் உழைப்பில் அது எழுந்தது. அவ்வளவு நீளக் கரையில் விரைந்து கட்டுவதற்காக, நூற்றுக்கணக்கான தர வரைபடங்களை முன்கூட்டியே தயாரித்து, எந்த ஊரிலும் அவற்றையே பின்பற்றினார்கள். கூரைக்கும் சுவருக்கும் 2 மீட்டர் கான்கிரீட் என்பது பெரும்பாலான பங்கர்களுக்கு, அதாவது கான்கிரீட் காப்பறைகளுக்கு, அளவு. ஒப்பந்த வேலையில் தர வரைபடத்தின் அருமை எனக்குத் தெரியும். மேஸ்திரி மாறினாலும் வேலை மாறாது. ஆனால் அதே வசதி எதிரிக்கும் கிடைத்துவிடுகிறது. ஒரு பங்கரின் சுடும் துளை எங்கே, கதவு எங்கே, எந்தப் பக்கம் குருடு என்று தெரிந்துகொண்டால், அதே வரைபடத்தில் கட்டிய மற்றப் பங்கர்களின் மர்மமும் தெரிந்துவிடும்.

அந்தக் குருட்டுப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நார்மண்டியின் லெ ஹாமெல் ஒரு சான்று. அங்கிருந்த பங்கரின் துளை கடலைப் பார்த்து அமைக்கப்படவில்லை. கரையின் நீளவாட்டில் அமைக்கப்பட்டிருந்தது. கடல் பக்கம் கனமான கான்கிரீட் பக்கச்சுவர் மறைத்ததால், கப்பலிலிருந்து எவ்வளவு சுட்டாலும் உள்ளிருந்த பீரங்கிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பீரங்கி மட்டும் கரையிறங்கும் வீரர்களைப் பக்கவாட்டில் அறுத்துத் தள்ளும். 1944 ஜூன் 6 அன்று காலையிலிருந்து பலரைக் கொன்ற அந்தப் பங்கரை, பிற்பகலில் ஒரு பெட்டார்ட் டாங்கி பின்புறமாகச் சுற்றி வந்து அடக்கியது. முன்னால் நின்று மோதாதே, சுற்றி வா என்பதைப் போர்க்களத்தில் நின்று கண்டுபிடிக்க நேரமிருக்காது. முன்பே ஒருமுறையேனும் கால் நடந்து பழகியிருக்க வேண்டும்.

சுவரை மட்டுமல்ல, மண்ணையும் ஒத்திகை பார்த்தார்கள் என்பதே என்னை மிகவும் கவர்ந்தது. 1943-இன் கடைசி இரவில், ஸ்காட்-பவுடன், ஆக்டன்-ஸ்மித் என்னும் இருவர் நார்மண்டிக் கரைக்கு நீந்திச் சென்று, காவலர்களின் விளக்கொளிக்கு நடுவே மண்ணைத் துளையிட்டுக் குழாய்களில் எடுத்து வந்தார்கள். கரையில் களிமண்ணும் மக்கிய தாவர மண்ணும் கலந்த மென்மையான பட்டைகள் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்ததே காரணம். இங்கிலாந்தின் பிரான்கஸ்டர் கரையில் அதைப்போன்ற மண் இருந்ததால், வண்டிகளை அங்கே இறக்கிப் பார்த்தார்கள், அவை புதைந்தன. பிறகுதான் கித்தான் பாயை உருட்டி விரித்துக்கொண்டே அதன்மேல் செல்லும் டாங்கி பயன்பாட்டுக்கு வந்தது. அஸ்திவாரம் தோண்டும் முன் மண்பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி உரிமையாளர்களோடு நான் எத்தனை முறை வாதாடியிருக்கிறேன்! ஒரு குழாய் மண்ணுக்காக இருவர் உயிரைப் பணயம் வைத்து நீந்தியதை அப்போதே அறிந்திருந்தால் அவர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பேன்.

டெவன் மாவட்டத்தில் அமெரிக்கர்கள் 1943 செப்டம்பரில் தொடங்கிய தாக்குதல் பயிற்சி மையத்தில் இன்னொரு வகை நகல்கள் இருந்தன. பிரான்டன் பரோஸ் மணல்மேடுகளில், தரையிறங்கு படகுகளைப் போலவே கான்கிரீட்டில் தளங்கள் போட்டார்கள். உண்மையான படகுகள் போதுமான அளவில் கைக்கு வராத காலம் அது. ஆகவே மணலில் அசையாமல் கிடக்கும் அந்தக் கான்கிரீட் படகுகளுக்குள் லாரிகளைப் பின்னோக்கி ஏற்றி, நெருக்கி நிறுத்தி, முன்பக்கச் சரிவின் வழியே வேகமாக இறங்கிப் பழகினார்கள். அந்தத் தளங்களில் சில இன்றும் இருக்கின்றன. மிதக்காத படகில் பயின்றவர்கள்தான் பின்னர் கொந்தளிக்கும் கடலில் இறங்கினார்கள்.

நகல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் மறைக்கக் கூடாது. நார்மண்டியின் மெர்வில் பீரங்கித் தளத்தைத் தாக்க வேண்டிய பாராசூட் படையினருக்காக, இங்கிலாந்தின் பெர்க்ஷயர் மாவட்டத்தில் அந்தத் தளத்தின் மாதிரியையே அமைத்து இரவும் பகலும் ஒத்திகை நடத்தினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து தாக்குவதாகத் திட்டம். காற்றிலும் இருட்டிலும் சிதறிப்போனதால், குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் 150 பேர் அளவில்தான். கருவிகளில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. ஆனாலும் கால்கள் அந்தத் தளத்தை முன்பே அறிந்திருந்தன, தளத்தைக் கைப்பற்றினார்கள். சென்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது, எதிர்பார்த்த 150 மில்லிமீட்டர் பீரங்கிகள் அங்கே இல்லை. 100 மில்லிமீட்டர் செக் நாட்டுப் பீரங்கிகளே இருந்தன. ஒத்திகையே உயிரைக் குடித்ததும் உண்டு. 1944 ஏப்ரல் 28 அன்று, இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கரையில் நடக்கவிருந்த ஒத்திகைக்குச் சென்ற கப்பல்களை ஜெர்மானிய விரைவுப் படகுகள் தாக்கியதில் 749 அமெரிக்கர்கள் இறந்தார்கள். அந்த ஒத்திகைக்காகச் சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் முன்பே வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு ஊர் திரும்பியவனுக்குப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. முன்பு எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் ஒரு நகல் கோட்டை உண்டு. தமிழ்நாடு அரசு 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டை அது. பழைய கோட்டையின் அடித்தள எச்சங்கள் அருகிலேயே பாதுகாக்கப்படுகின்றன. சிறுவனாக இருந்தபோது பள்ளிச் சுற்றுலாவில் போனேன், அண்ணாந்து பார்த்தேன், பெருமிதத்தோடு திரும்பினேன். இந்த முறை வேறு கண்ணோடு பார்த்தேன்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட பிறகு, கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் அவரது துணைவர்களும் தப்பினார்கள். சில நாட்களுக்குள் மெக்காலே என்னும் அதிகாரி படையோடு சென்று பார்த்தபோது, தரைமட்டமான இடத்தில் மீண்டும் மதில் நின்றது. முற்றிலும் மண்ணால் ஆன மதில். அந்தப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அதிகாரி அதன் அளவை எழுதி வைத்திருக்கிறார்: இரு பக்கங்கள் 500 அடி, மற்ற இரு பக்கங்கள் 300 அடி, உயரம் ஏறத்தாழ 12 அடி, சிறு சிறு கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. ஹாங்க்லி சுவரின் உயரத்தைவிட இரண்டடிதான் கூடுதல். மார்ச் 31 அன்று பீரங்கியால் ஒரு பிளவை உண்டாக்கிவிட்டு, வெற்றி கைக்கெட்டியதாக எண்ணி ஆங்கிலேயர் ஏறினார்கள். உள்ளிருந்து நீண்ட ஈட்டிகளோடு எதிர்கொண்டவர்களைத் தாண்டி ஒருவராலும் கோட்டைக்குள் இறங்க முடியவில்லை. ஏறிய படை பெரும் இழப்போடு திரும்பியது. அக்னியூ என்னும் அதிகாரியின் தலைமையில் புதிய படையும் கூடுதல் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை வீழ்ந்தது.

அந்த மார்ச் 31, தியெப்பின் ஆகஸ்ட் 19-ஐப் போன்றதே என்பது என் எண்ணம். சுவரில் ஓர் ஓட்டை தெரிந்தால் போதும் என்று எண்ணி, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாராமல் ஓடிய நாள். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும். நன்றாக மிதித்து இறுக்கிய மண் குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். இதை அறிந்து கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களது வீரத்தைப் பாடுகிறோம். அவர்களது மண்வேலையைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை. கடற்கரையில் தூண்டில் வளைவுக்குக் கல் அடுக்கும்போதுகூட, எந்தக் கல் எந்தச் சரிவில் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். கைக்குக் கிடைத்த நேரம் சில நாட்களே என்றாலும், அவர்களும் அப்படிப் பார்த்துத்தான் செய்திருப்பார்கள்.

ஹாங்க்லி சுவரை யாரும் பூசி மெழுகவில்லை. பிளவு பிளவாகவே இருக்கிறது, கம்பி வளைந்தபடியே இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் இருக்கிறது. கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பால், அமிலத்தன்மையுள்ள மண் கொண்ட அந்த வெளியில் வேறெங்கும் முளைக்காத செடிகள் அதன் வெடிப்புகளில் மட்டும் முளைத்திருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியிலும் நினைவுக் கோட்டை அப்படியே இருக்கட்டும். அதன் அருகில், அந்த நிலத்து மண்ணைக் கொண்டே, வெல்ஷ் குறித்த அளவில் ஒரு துண்டு மதிலை எழுப்ப வேண்டும் என்று விரும்புகிறேன். பொறியியல் கல்லூரி மாணவர்கள் மண்ணைக் குழைத்து, மிதித்து, அடுக்கடுக்காகக் காயவைத்து எழுப்பட்டும். ஒரு பக்கத்தை இடித்து, பிளவு எப்படி விழுகிறது என்று அளந்து பார்க்கட்டும். வருகிற பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பிளவில் நின்று, ஏறுபவனின் இடத்திலிருந்தும் ஈட்டியோடு உள்ளே நிற்பவனின் இடத்திலிருந்தும் பார்க்கட்டும். 10 அடி நீளமும் 12 அடி உயரமும் இருந்தால் போதும். சுற்றிலும் உடைமுள் வேலி ஒன்றும் வேண்டும்.